முலாம் பட்டறைக் காற்றில் உலோகம்: எதைக் கொண்டு அளப்பது?

முலாம் பூசும் பட்டறையோ உலோகத்தை உருக்கிப் பீய்ச்சிப் பூசும் தெர்மல் ஸ்ப்ரே கூடமோ நடத்துகிறவர், தன் இடத்துக் காற்றில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்று அளக்க நினைத்து நாலு பேரிடம் விசாரித்தால் நாலு பதில் வரும். ஒருவர் கையடக்க லேசர் கருவியைக் கொண்டுவந்து, பத்தே நிமிடத்தில் திரையில் எண்ணைக் காட்டுகிறேன் என்பார். இன்னொருவர், வேலை செய்பவரின் காலரில் ஃபில்டரை மாட்டி, இடுப்பில் பம்ப்பைக் கட்டி, ஷிப்ட் முழுக்க ஓடவிட்டு லேபுக்கு அனுப்பலாம் என்பார். மூன்றாமவர் ஃபில்டரை அங்கேயே எக்ஸ்ரே கருவியில் படித்துவிடலாம் என்பார். நாலாமவர், காற்றை விடுங்கள், சிறுநீரைச் சோதித்தால் உடம்புக்குள் போனதே தெரிந்துவிடும் என்பார்.

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் நம் கேள்வி எது என்று தெரிந்திருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று வரம்புக்குள் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. புகை எங்கிருந்து கிளம்புகிறது, எக்ஸாஸ்ட் ஒழுங்காக இழுக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விதான் ஒருவரின் நுரையீரலைப் பற்றியது. ஒரே ஒரு வழிக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் தரும் பம்ப்–ஃபில்டர்–லேப் வழியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற மூன்றும் அதற்குத் துணையாக வரலாம், அதன் இடத்தில் உட்கார முடியாது. ஆனால் அந்த ஒரு வழிக்குள்ளேயே தப்பாகத் தேர்ந்தெடுக்க நிறைய இடம் இருக்கிறது. கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில், காற்றில் என்ன இருக்கக்கூடும்

குரோம் தொட்டியிலிருந்து தொடங்குவோம். குரோமிக் அமிலத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான் உலோகத்தைப் படியவைக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் குமிழி விடுகிறது. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடையும்போது அமிலத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெறிக்கிறது. அந்தத் துளியில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்தின் ஆறு இணைதிறன் கொண்ட வடிவம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள் அது. அதே முலாம் கடைசியில் பளபளப்பான உலோகக் குரோமியமாகப் பொருளின் மேல் இருக்கும்போது அந்த ஆபத்து இல்லை. ஒரே தனிமம்தான், வடிவம்தான் வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் லேப் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாமே இதில்தான் வந்து நிற்கும்.

நிக்கல் தொட்டியில் மின்சாரத்தின் பெரும்பகுதி உலோகமாகவே படிவதால் குமிழி குறைவு. ஆனால் கரைசலைக் கலக்கக் காற்றை ஊதினால் துளிகள் கிளம்பத்தான் செய்யும். நிக்கல் சேர்மங்களும் அதே முதல் பிரிவில்தான் இருக்கின்றன, காட்மியமும் அங்கேதான். துத்தநாகத்தை உருக்கி முக்கும் கால்வனைசிங்கில் கதை வேறு. தொட்டி 450 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், துத்தநாகம் கொதிப்பது 907 டிகிரியில். பொருளை முக்கும்போது பொங்கி எழும் வெள்ளைப் புகையைப் பார்த்துத் துத்தநாகம் என்று நினைப்போம். அதில் பெரும்பகுதி, முன்னால் தடவிய ஃபிளக்ஸ் என்னும் உப்பிலிருந்து வரும் அம்மோனியம் குளோரைடு. தெர்மல் ஸ்ப்ரேயில் கம்பியையோ பொடியையோ உருக்கி வேகமாகப் பீய்ச்சுகிறோம். அங்கே ஒரு மைக்ரானுக்கும் கீழே உள்ள மிக நுண்ணிய புகை நிறைய உருவாகிறது. குரோமியம் கலந்த உலோகக்கலவை என்றால் அந்தச் சூட்டில் கொஞ்சம் ஹெக்ஸாவேலன்டாகவும் மாறும்.

அதனால் கருவிக்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். எந்தத் தொட்டியில் என்ன ரசாயனம், எந்தக் கம்பியில் என்ன கலவை என்பதைப் பாதுகாப்புத் தகவல் தாள்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஓரத்து வேலைகளையும் சேருங்கள்: பழைய முலாமை உரிப்பது, பாலிஷ் போடுவது, பிளாஸ்டிங், தூசி சேகரிப்பானைத் திறந்து சுத்தம் செய்வது. நாளில் இருபது நிமிடம்தான் நடக்கும், ஆனால் அந்த இருபது நிமிடத்தில் சுவாசிப்பது மீதி ஷிப்டைவிட அதிகமாக இருக்கலாம்.

எந்த வரம்போடு ஒப்பிடப் போகிறீர்கள்

முறையைத் தீர்மானிப்பதில் பாதி இந்தக் கேள்விதான். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2006இல் வைத்த சட்ட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். 2.5ஐத் தொட்டாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரியிலிருந்து அதே 5. ஆனால் அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை 0.2. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர்கள் அமைப்பான ஏசிஜிஐஎச்சும் 0.2 என்கிறது, குறுகிய நேரத்துக்கு 0.5. சட்டத்துக்கும் சுகாதாரப் பரிந்துரைக்கும் இடையே 25 மடங்கு இடைவெளி. உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் எண் கட்டாயம், அதற்குக் கீழே வர வேண்டும். ஆனால் அளப்பதை மட்டும் தாழ்ந்த எண்ணை மனதில் வைத்தே திட்டமிடுங்கள். நாளைக்கு வரம்பு இறங்கினாலும் இன்றைய பதிவு அப்போது பயன்படும்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் இழுக்கிறது, எட்டு மணி நேரம் ஓடுகிறது. மொத்தம் 960 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கனமீட்டர். லேபால் நம்பகமாக அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு ஃபில்டருக்கு 0.05 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கனமீட்டருக்கு 0.05 வரை பார்க்க முடியும். 5 என்ற வரம்புக்கு இது தாராளம். 0.2 என்ற வரம்புக்கு அதில் கால் பங்கு. அளக்கும் முறை வரம்பின் பத்தில் ஒரு பங்கிலிருந்தே நம்பகமாக அளக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நெறி. அந்தக் கணக்கில் 0.02 வரை இறங்க வேண்டும், இந்த லேப் போதாது.

குறுகிய நேரச் சாம்பிளுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். பதினைந்து நிமிடத்தில் 30 லிட்டர்தான் சேரும். அதே லேபில் அது கனமீட்டருக்கு 1.7க்குக் கீழே எதையும் காட்டாது. வரம்போ 0.5. அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். காற்றில் வரம்பைப்போல மூன்று மடங்கு இருந்திருந்தாலும் அதே வார்த்தைதான் வந்திருக்கும். இந்தத் துறையில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். லேபிடம் கட்டணம் கேட்கும் முன் "ஃபில்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் வரை உங்களால் அளக்க முடியும்?" என்று கேளுங்கள். பதிலைக் காற்றின் அளவால் வகுத்துப் பாருங்கள்.

ஃபில்டர் வழிக்குள் உள்ள தேர்வுகள்

பல உலோகங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் வழக்கமான வழி, செல்லுலோஸ் எஸ்டர் ஃபில்டரில் எடுத்து, அமிலத்தில் கரைத்து, ஐசிபி கருவியில் (சூடான பிளாஸ்மாவில் தனிமங்களைத் தனித்தனியாக அளக்கும் கருவி) ஓட்டுவது. நியோஷ் வெளியிட்ட 7300 என்ற முறை இந்த வகைதான். நிக்கல், துத்தநாகம், காட்மியம், ஈயம், கோபால்ட், மொத்தக் குரோமியம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். தெர்மல் ஸ்ப்ரே கூடத்துக்கும் பலவகைத் தொட்டிகள் உள்ள பட்டறைக்கும் இதுதான் அடித்தளம். மிகக் குறைந்த அளவு தேவைப்பட்டால் அதையே ஐசிபி மாஸ் கருவியில் ஓட்டலாம்.

ஆனால் அமிலத்தில் கரைக்கும்போது குரோமியம் எந்த வடிவத்தில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. ஹெக்ஸாவேலன்டைத் தனியாக அறிய வேண்டும் என்றால் பிவிசி ஃபில்டரில் தனியாக எடுத்து, காரக் கரைசலில் பிரித்து, அயான் குரோமேட்டோகிராஃபியில் (கரைசலில் உள்ள அயனிகளைப் பிரிக்கும் முறை) அளக்க வேண்டும். நியோஷ் 7605, ஓஷா ஐடி-215, ஐஎஸ்ஓ 16740 ஆகியவை இந்தக் குடும்பம். டைஃபெனைல்கார்பசைடு சேர்த்ததும் வரும் சிவப்பு ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளப்பதுதான் உள்ளே நடக்கும் வேலை. இங்கே செல்லுலோஸ் எஸ்டர் ஃபில்டரைப் போட்டுவிட்டால் அது வேதிமாற்றத்தால் ஹெக்ஸாவேலன்டை டிரைவேலன்டாக, அதாவது மூன்று இணைதிறன் கொண்ட வடிவமாக, மாற்றிவிடும், எண் தாழ்ந்து வரும். ஸ்டோரில் பெட்டியை மாற்றி எடுத்தால் போதும், ஒரு நாள் முழு உழைப்பும் வீண்.

குரோம் தொட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டியிலிருந்து வரும் துளி அமிலம். அமிலச் சூழலில் ஃபில்டர்மேல் இருக்கும்போதே ஹெக்ஸாவேலன்ட் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருக்கும். ஷிப்ட் முடிந்து ஃபில்டர் மேசையில் மூன்று நாள் கிடந்தால், லேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உண்மை அளவு திரும்பி வராது. ஐடி-215 இதற்கு இரண்டு வழி சொல்கிறது: எடுத்த ஒரு நாளுக்குள் பிவிசி ஃபில்டரைக் கார்பனேட் கரைசலில் போட்டுவிடுவது, அல்லது தொடக்கத்திலேயே சோடியம் ஹைட்ராக்சைடு பூசிய குவார்ட்ஸ் ஃபில்டரில் எடுப்பது. அனுபவசாலி இல்லாத இடத்தில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அன்று மாலை ஒருவர் மறந்துபோனாலும் சாம்பிள் கெடாது.

எல்லோரும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இல்லை. ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நேர்மையான குறுக்கு வழிதான். முதலில் ஐசிபியில் மொத்தக் குரோமியத்தைப் பாருங்கள். மொத்தமே ஹெக்ஸாவேலன்ட் வரம்புக்கு வெகுவாகக் கீழே இருந்தால், அதன் ஒரு பகுதி வரம்பைத் தாண்ட வாய்ப்பில்லை. துத்தநாகமும் அலுமினியமும் மட்டும் ஸ்ப்ரே செய்யும் இடத்துக்கு இது போதும். குரோம் தொட்டி இருக்கும் இடத்துக்கு வேண்டாம். அங்கே மொத்தம் பெரும்பாலும் மேலே வரும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஃபில்டரைப் பிடித்திருக்கும் தலையும் முக்கியம். 37 மில்லிமீட்டர் மூடிய கேசட் எளிது, எங்கும் கிடைக்கும், ஆனால் பெரிய துகள்களைக் குறைவாகவே இழுக்கும். மூக்கும் வாயும் இழுக்கும் அளவை ஒட்டி வடிவமைத்தது ஐஓஎம் தலை, 2 லிட்டர் வேகத்துக்கானது. ஏசிஜிஐஎச்சின் 0.2 இந்த இன்ஹேலபிள் அளவுக்கு வைத்த வரம்பு, அதனால் அதனோடு ஒப்பிட ஐஓஎம் போன்ற தலைதான் சரி. அதன் வேகத்தை 4 ஆக்கி நிறையக் காற்று சேர்க்கலாமா என்றால் கூடாது, தலையின் இயல்பே மாறிவிடும். 4 லிட்டருக்கென்றே வடிவமைத்த பட்டன் தலை இருக்கிறது, அதை எடுக்கலாம். தெர்மல் ஸ்ப்ரே புகை மிக நுண்ணியது என்பதால் எந்தத் தலை வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பூசியதைத் தேய்க்கும் இடத்திலும் தொட்டித் துளிகளிலும் வித்தியாசம் பெரிதாக வரும்.

கேசட்டைப் பற்றி இன்னும் ஒன்று. உள்ளே போன உலோகத்தில் ஒரு பங்கு ஃபில்டரில் விழாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். லேப் ஃபில்டரை மட்டும் எடுத்தால் அது கணக்கில் வராது. சுவரைத் துடைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ஃபில்டரோடு சேர்ந்தே கரையும் உள்ளுறை உள்ள கேசட்டை வாங்குங்கள்.

திரையில் உடனே எண் காட்டும் கருவி

லேசர் ஃபோட்டோமீட்டர் துகள்மேல் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து எடையாக மாற்றிச் சொல்கிறது. அது உலோகமா, உப்பா, நீர்த்துளியா என்று அதற்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட சோதனைத் தூசியை வைத்துத் தொழிற்சாலையில் சரிசெய்திருப்பார்கள். உங்கள் காற்றில் இருப்பது வேறு தூசி என்றால் எண்ணும் வேறாகும். கால்வனைசிங் தொட்டிக்கு மேலே பிடித்தால் அம்மோனியம் குளோரைடு புகையைப் பார்த்து எகிறும். குரோம் தொட்டியருகே ஈரத்தையும் துளியையும் சேர்த்தே எண்ணும். அங்கே கேள்வி கனமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் பற்றியது, கருவி காட்டும் தூசியோ பத்துக்கணக்கான மைக்ரோகிராமில் ஏறி இறங்கும். அதிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. தெர்மல் ஸ்ப்ரேயில் எதிர்ப்பக்கச் சிக்கல்: 0.1 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் இதன் கண்ணில் படுவதே இல்லை. அவற்றை எண்ண கண்டன்சேஷன் துகள் எண்ணி வேண்டும், அதுவும் எண்ணிக்கையைத்தான் சொல்லும்.

அப்படியானால் இது எதற்கு? எங்கே, எப்போது என்ற கேள்விக்கு. ஸ்ப்ரே கூடத்தின் கதவைத் திறந்ததும் புகை வெளியே வருகிறதா, துப்பாக்கியை நிறுத்திய எத்தனை நிமிடத்தில் காற்று தெளிகிறது, எக்ஸாஸ்டை மாற்றிய பிறகு அளவு இறங்கியதா என்பதையெல்லாம் நொடிக்கு நொடி காட்டும். பம்ப் ஒரு நாளுக்கு ஒரு எண்தான் தரும், அந்த நாளுக்குள் எந்தப் பத்து நிமிடம் கெட்டது என்று சொல்லாது. ஒரே ஆளுக்கு இரண்டையும் மாட்டி, வீடியோவும் எடுத்து வைத்தால் திருத்த வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியும். வரம்புக்குள் இருக்கிறோம் என்று சொல்ல மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

குரோமிக் அமிலத்துக்கு நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் கிடைக்கிறது. அதன் அளவு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமில், அதாவது 100 மைக்ரோகிராமில் தொடங்குகிறது. வரம்பு 5 என்னும்போது அதில் நிறம் வராததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தவிர்த்துவிடலாம்.

நடுவழிகள்

முதலில் சொன்ன எக்ஸ்ரே கருவி, அதாவது எக்ஸ்ஆர்எஃப், ஃபில்டரைக் கெடுக்காமல் அங்கேயே தனிமங்களைச் சொல்கிறது. ஈயத்துக்கு நியோஷே இதை முறையாக வெளியிட்டிருக்கிறது. நிக்கல், துத்தநாகம் போல வரம்பு உயரமாக உள்ள உலோகங்களுக்கு, அன்றே முடிவு வேண்டும் என்னும்போது நல்ல துணை. படித்த அதே ஃபில்டரை லேபுக்கும் அனுப்பிச் சரிபார்க்கலாம். குரோமியத்தின் வடிவத்தை இது பிரித்துச் சொல்லாது. ஹெக்ஸாவேலன்டைக் களத்திலேயே பார்க்க நியோஷ் 7703 என்று கையடக்க நிறமானி முறை இருக்கிறது. வேதியியல் தெரிந்த ஒருவர் கூடவே இருந்தால் அருமையானது. இல்லை என்றால் லேபுக்கே அனுப்புங்கள்.

சிறுநீர், ரத்தச் சோதனை காற்றின் இடத்தை எடுக்காது என்றேன். ஆனால் காற்றுச் சாம்பிளால் சொல்ல முடியாத ஒன்றை அது சொல்கிறது. கை வழியாக வாய்க்குப் போனது, தோல் வழியாக இறங்கியது, மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் கசிந்தது எல்லாம் அதில் தெரியும். காற்று அளவு தாழ்வாக இருந்தும் சிறுநீரில் குரோமியமோ நிக்கலோ ஏறியிருந்தால் சாப்பிடும் மேசையையும் கையுறையின் உள்பக்கத்தையும் துடைத்துச் சோதியுங்கள். காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் உடல் சோதனை மிகவும் வேண்டியது, அவை உடம்பில் தங்கிச் சேர்பவை. குரோமியத்துக்கு வேலை வாரத்தின் கடைசி ஷிப்ட் முடிவில் எடுப்பது வழக்கம். சிறுநீர் மொத்தக் குரோமியத்தைத்தான் காட்டும் என்பதையும், இது ஒருவரின் உடல் பற்றிய தனிப்பட்ட செய்தி என்பதையும் மறக்க வேண்டாம். அவர் சம்மதமும் மருத்துவரின் பொறுப்பும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

எத்தனை பேர், எத்தனை நாள்

சுவர் ஓரம் ஸ்டாண்டில் பம்ப் வைத்து எடுப்பது சுலபம். தொழிலாளி தொட்டிமேல் குனிந்து, பொருள்களை மாட்டிய ராக்கைத் தூக்கும்போது அவர் முகத்துக்கு முன்னால் இருக்கும் காற்று அந்த ஸ்டாண்டுக்கு வராது. மூக்கைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள், மாஸ்க் போட்டிருந்தால் அதற்கு வெளியே, அதுதான் ஃபில்டருக்கான இடம்.

ஒரே மாதிரி வேலை செய்பவர்களை ஒரு குழுவாகக் கொண்டு அளக்கச் சொல்கிறது ஐரோப்பாவின் ஈஎன் 689, 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. மூன்று சாம்பிள்களும் வரம்பின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். நான்கு எடுத்தால் எல்லாம் 15 சதவீதத்துக்குக் கீழே, ஐந்து எடுத்தால் 20 சதவீதத்துக்குக் கீழே. அப்படி வராவிட்டால் குறைந்தது ஆறு எடுத்துப் புள்ளியியல் சோதனை செய்ய வேண்டும். ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினாலே மீறல்தான். ஒரே ஒரு சாம்பிள் எடுத்து அது வரம்பில் பாதி என்று மகிழ்வதற்கு இதில் இடமே இல்லை. அதே பட்டறையில் இரண்டு நாளுக்கு நடுவே அளவு பல மடங்கு மாறுவது சாதாரணம்.

சிறிய குரோம் பட்டறை என்றால் என் தேர்வு: காரம் பூசிய குவார்ட்ஸ் ஃபில்டரில் ஆள்மேல் ஹெக்ஸாவேலன்ட், மூன்று வெவ்வேறு நாள், கூடவே கைகளையும் மேசையையும் துடைத்த சாம்பிள். லேசர் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம். தெர்மல் ஸ்ப்ரே கூடம் என்றால் ஐசிபி ஒரு காலரில், கலவையில் குரோமியம் இருந்தால் ஹெக்ஸாவேலன்ட் மறு காலரில், கூடத்தைச் சுற்றி லேசர் கருவி. கால்வனைசிங் என்றால் ஐசிபி மட்டும், துத்தநாகத்தோடு ஈயத்தையும் கேட்டு. பல தொட்டிகள் உள்ள பெரிய ஆலைக்கு எக்ஸ்ஆர்எஃப் கருவியை வாங்குவது சில ஆண்டுகளில் பலன் தரலாம், ஆனால் குரோம் தொட்டிக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எதை எடுத்தாலும் ஃபில்டரையும் தலையையும் மாட்டிய நிலையிலேயே பம்ப்பின் வேகத்தைக் காலையிலும் மாலையிலும் சரிபாருங்கள். திறந்து மூடிய, ஆனால் காற்று இழுக்காத வெற்று ஃபில்டர் இரண்டையாவது கூட அனுப்புங்கள். அன்று தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் எத்தனை ஆம்பியரில் ஓடியது, எத்தனை ராக் இறங்கியது, நுரை அடக்கி சேர்த்தார்களா, எந்தக் கதவு திறந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அறிக்கை வந்ததும் பம்ப் அணிந்தவரிடம் அவருடைய எண்ணைக் காட்டுங்கள். இரண்டாம் நாள் மட்டும் ஏன் நான்கு மடங்கு ஏறியது என்று லேபுக்குத் தெரியாது. அன்று மதியம் எக்ஸாஸ்ட் பெல்ட் அறுந்து இரண்டு மணி நேரம் ஓடாமல் நின்றது அவருக்குத்தான் தெரியும்.